பல் குந்துகிற இடம்

நான் பல் செய்கிறவள். திருப்பதியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருக்கும் லேபில், பத்தொன்பது வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆட்களுக்குப் பல் செட்டு செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆளை நான் பார்ப்பதில்லை. பிளாஸ்டரில் வார்த்த தாடை மட்டும்தான் என் மேஜைக்கு வரும். அதை வைத்தே இன்னார் எந்தப் பக்கம் மெல்லுவார், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாரா, பாக்குக் கடிக்கிற ஆளா என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது என்று சொல்வதுதான் சரி.

என் பொழுதுபோக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய புகையிலைப் பைப்புகளைத் தேடிப் பிடித்து வந்து, உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, மெருகேற்றி வைப்பது. மலைக்குப் போகிறவர்களிடம் பீடிக்கட்டைக்கூட வாங்கி வைத்துவிடுகிற ஊரில், ஒரு பொம்பளை துரைமார் புகைத்த பைப்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? பேசினார்கள். அந்த நாளில் நான் ஒன்றைக்கூடப் பற்ற வைத்ததில்லை என்பதை யாரும் நம்பவில்லை. நம்ப வைக்க நானும் மெனக்கெடவில்லை.

இந்தக் கோளாறு எனக்கு என் வீட்டுக்காரரால் வந்தது.

அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவர் வாயைப் பார்த்தேன். மேல் வரிசையில் இடது பக்கம் கோரைப்பல் இல்லை. சிரிக்கும்போது உதட்டை இழுத்து அந்த இடைவெளியை மறைத்துக்கொண்டார். கல்யாணமான முதல் மாதமே அச்செடுத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒற்றைப் பல் ஒன்று செய்து கொடுத்தேன். "சீர்வரிசைல பல்லு எத்துக்கினு வந்த மொத பொண்ணு இவதான்" என்று பிச்சாட்டூர் பக்கத்தில் இருக்கும் தன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கூச்சம் போன பிறகு அவர் சிரித்த சிரிப்புக்கு நான்தான் காரணம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் கார் டிரைவர். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு வந்திருந்த ஜப்பான்கார இன்ஜினீயருக்கு வண்டி ஓட்டினார். காலையில் அவரைத் திருப்பதியில் ஏற்றிக்கொண்டு தடா பக்கம் போக வேண்டும், சாயங்காலம் கொண்டுவந்து விட வேண்டும். மூன்று வருஷம் ஓட்டினார். அந்த மனுஷர் ஊர் திரும்பும்போது ஒரு வாட்ச் கொடுத்திருக்கலாம், பழைய போன் ஒன்று கொடுத்திருக்கலாம். தான் வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்திருந்த ஒரு பைப்பைக் கொடுத்து, எப்படிப் பற்ற வைப்பது என்று சைகையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை பீடி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அன்றோடு பீடியை விட்டார். முருங்கையை விட்டிறங்கிய வேதாளம் புளிய மரத்தில் ஏறிக்கொண்டது என்றேன்.

உண்மையில் அவர் புகைத்தது கொஞ்சம்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, மொட்டை மாடியில் ஒரு தடவை பற்ற வைப்பார். கம்பெனிக் காரில் புகைக்கக் கூடாது. அதனால் நாள் முழுக்கக் காலிப் பைப்பை இடது கடைவாயோரம் கடித்தபடியே ஓட்டுவார். ஆட்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிற நாளில் பைப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு போவார். வாயில் ஏதோ ஒன்று இல்லாமல் அவருக்கு ஸ்டியரிங் திரும்பாது.

கடித்துக் கடித்து ஒரே வருஷத்தில் வாயில் வைக்கிற தண்டில் ஓட்டை போட்டுவிட்டார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தவள் அசந்துபோனேன். அந்தக் கறுப்புத் தண்டு பிளாஸ்டிக் இல்லை, கெட்டிப்படுத்திய ரப்பர். எங்கள் தொழிலில் அந்தக் காலத்தில் பல் செட்டின் ஈறு பாகத்தை இந்த ரப்பரில்தான் செய்தார்கள். படித்திருக்கிறேனே தவிர, அதைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான். ஒட்டுப் பசையில் கரித்தூளைக் குழைத்து ஓட்டையை அடைத்தேன், நைஸ் எமரி தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன், லேபில் பல்லுக்கு மெருகு கொடுக்கிற சக்கரத்தில் காட்டினேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"இன்னாமே இது, வாயில நிக்கல. வழுக்கிக்கினு போவுது" என்றார்.

"நல்லாப் பண்ணா வழுக்கத்தான் செய்யும். கடிக்காம புடிங்க."

"நீ ரிப்பேர் பண்ணிக்கினே இரு, நான் ரிப்பேர் ஆக்கிக்கினே இருக்கறேன்."

சொன்னபடியே செய்தார். ஆறு வருஷத்தில் தண்டின் மேலே ஒரு பள்ளமும் கீழே ஒரு பள்ளமும் விழுந்தன. சுண்டு விரல் நுனி உட்காரும் அளவுக்குத்தான். மறுபடியும் அடைத்துவிடுவேனோ என்று பயந்து முன்கூட்டியே சொல்லி வைத்தார்: "இந்தத் தபா இதுல கைய வெக்காத. பல்லு குந்துற எடம் அது. ரோடு எப்பிடி இருந்தாலும் ஆடாம நிக்குது பாரு."

நான் வைக்கவில்லை. அந்தப் பள்ளங்கள் எனக்கும் பிடித்திருந்தன. மேலே இருந்தது நான் செய்த பல்லால் விழுந்தது. கீழே இருந்தது அவர் சொந்தப் பல்லால் விழுந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தன. எங்கள் கல்யாண போட்டோவில் நான் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒழுங்காக விழுந்தது அந்தத் தண்டில்தான்.

அதற்குள் எனக்குப் பித்து முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பைக்கில் புத்தலப்பட்டு வழியாகச் சித்தூர் போவோம். அங்கே ஒரு பழைய சாமான் கடை. பழைய பங்களாக்களைக் காலி செய்கிற இடங்களிலிருந்து பித்தளைப் பாத்திரம், கடிகாரம், உடைந்த பீங்கான் என்று எல்லாம் அங்கே வரும். கடைக்காரர் தெலுங்கர். என்னைக் கண்டதும், "ரண்டி அக்கா, வாங்க, உங்களுக்குன்னே ரெண்டு எடுத்து வெச்சேன். எவ்வரூ கொனரு, நீங்க தவிர யாரும் வாங்கமாட்டாங்க" என்பார். புழுதியும் சிலந்திக்கூடும் அடைந்த பைப்பைத் தும்மிக்கொண்டே எடுத்து வருவேன். வரும் வழியில் டீ, மசால் வடை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு அதுதான்.

வாங்கி வந்ததைச் சரி செய்கிற முறை ஒன்று எனக்கு மெல்ல மெல்லக் கைவந்தது. மரத்தாலான கிண்ணப் பாகத்தின் உள்ளே கெட்டிப்பட்டிருக்கும் கரியைச் சுரண்டி எடுப்பேன். யாரோ ஒருவர் எப்போதோ புகைத்த புகையிலையின் வாடை போகக் கிண்ணத்தில் உப்பை நிரப்பி, ஸ்பிரிட்டைச் சொட்டு சொட்டாக விட்டு ஒரு நாள் வைத்திருப்பேன். உப்பு காபித்தூள் நிறத்துக்கு மாறிவிடும். தண்டுக்கு முதல் வேலை வெந்நீர். வாயிலிருந்து வந்த எதையும் சுத்தம் செய்யாமல் மேஜைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது லேபில் எங்களுக்கு ஊறிப்போன சட்டம். வீட்டிலும் அது தொடர்ந்தது. அப்போதுதான் அந்த ரப்பரின் குணம் எனக்குத் தெரிந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பல் பட்ட பள்ளம் தானாக மேலெழும்பி மட்டமாகிவிடும். எத்தனை வருஷம் கடித்திருந்தாலும், சூடு பட்டதும் கடிபடுவதற்கு முன்னால் இருந்த வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்காது. போடுவதற்கு முன்னால் கடித்த ஆளைப் பற்றி ஒரு கதை சொல்வேன். இவர் கோபக்காரர், இவருக்கு முன்பல் தெற்று, இவர் கடைசிக் காலத்தில் பல் செட்டு கட்டியவர். என் வீட்டுக்காரர் உம் கொட்டுவார். பிறகு தண்டை வெந்நீரில் போடுவேன், ஆள் காணாமல் போய்விடுவார். பதினொரு பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். யாருக்காகவும் ஒரு நிமிஷம் வருத்தப்பட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஸ்ரீசிட்டியில் கார்கள் நிறுத்துகிற இடத்தில், சாப்பிட்டுவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. கூட இருந்த டிரைவர்கள் தூங்குகிறார் என்று ஒரு மணி நேரம் விட்டுவிட்டார்கள். வாயில் பைப் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரு காகிதக் கவரைக் கொடுத்தார்கள். வாட்ச், சாவி, பைப், நான் செய்த பல்.

புகையால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. புகையால் இல்லை என்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அத்தை, அவருடைய அம்மா, என் முகத்தைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார்கள்: "நீதானமே தொடச்சித் தொடச்சிக் குடுத்த?" காகிதக் கவரை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பதினொரு பைப்பையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். அவருடையதை மட்டும் ஏற்றவில்லை. லேபிலிருந்து வந்து, குளித்து, சோற்றை வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் அதை எடுப்பேன். பற்ற வைப்பதில்லை, முகர்வதுகூட எப்போதாவதுதான். முகர்ந்தால் வாசனை தீர்ந்துபோகும் என்று ஒரு பயம். சுண்டு விரலை மேல் பள்ளத்திலும் கட்டை விரலைக் கீழ்ப் பள்ளத்திலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான். போட்டோ பார்க்க எனக்குப் பிடிக்காது. போட்டோவில் அவர் போட்டோவுக்கு என்று ஒரு முகம் வைத்திருப்பார். பள்ளத்தில் அவர் அவராகவே இருந்தார். ஏழு மணிக்கு கேட் சத்தம் கேட்காதா என்று காது தானாகவே போகும். கேட்காது என்று தெரிந்த பிறகும் போகும். அவர் வேண்டும் என்று எனக்கு வாய்விட்டுச் சொல்லத் தோன்றும். யாரிடம் சொல்வது? விரலை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வேன். அந்த இரண்டு பள்ளங்கள் இருக்கும்வரை நான் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன்.

முதல் வருஷப் படையலுக்கு ஒரு வாரம் இருந்தது. அவர் ஊரில் செத்தவர்களுக்குப் படையல் என்றால் அவர்கள் ஆசைப்பட்டது எல்லாம் வேண்டும். மாமனாருக்கு வருஷா வருஷம் மீன் குழம்பு, வடையோடு ஒரு கட்டு பீடியும் வைப்பார்கள். சும்மா வைத்தால் போதாது. மகன் ஒன்றைப் பற்ற வைத்து, ஓர் இழுப்பு இழுத்து, புகையோடு இலை ஓரத்தில் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர்தான் மூத்தவர், அவர்தான் வைப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை போன் செய்தார்கள். காரியத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு அதிகமில்லை. இன்னின்ன வாங்கி வா என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "அவன் பைப்பையும் எத்துக்கினு வா. அவங்க நைனாவுக்கு பீடி வெக்கறோம். இவனுக்கு அதத்தான வெக்கணும்" என்றார்கள். போனை வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மன்னித்துவிட்டார்களா? இல்லை, ஊர் கூடியிருக்கும்போது அதை என் கையில் கொடுத்து வேடிக்கை பார்க்கப்போகிறார்களா? யோசித்துக்கொண்டே பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். ஒன்றைச் சுத்தம் செய்கிறபோது மற்றவற்றையும் துடைத்து வைப்போம் என்று தோன்றியது. பன்னிரண்டையும் பேப்பரில் பரப்பினேன். தண்டுகளைத் திருகிக் கழற்றினேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அத்தை நிறுத்திய அந்த ஒரு நொடியில் என்ன நினைத்திருப்பார்கள் என்பதே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கை அதன் வேலையைப் பார்த்தது. இத்தனை வருஷத்துக் கை, சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? கொதித்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது.

இடுக்கியால் எடுத்து வெளியே வரிசையாக வைக்கும்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டும் மட்டமாக இருந்தன. எது அவருடையது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. வளைவை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சுடச்சுட எடுத்து விரலை வைத்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அன்றைக்குச் செய்ய வேண்டிய காரியங்கள் இருந்தன, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கு அவரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அழித்தவள் நான்தான். யாரோ முன்பின் தெரியாத பதினொரு பேரோடு பன்னிரண்டாவது ஆளாக அவரையும் அனுப்பிவிட்டேன். பல்லை வைத்தே ஆளைச் சொல்லுவாளாம். என்னைப் பிடித்து அறைய ஆளில்லாமல் நானே என் தொடையில் அறைந்துகொண்டேன்.

மறுநாள் லேபுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். அவருக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சு இருந்தால், தண்டை இளக்கி அதில் வைத்துக் கடிக்க வைக்கலாம் என்பது என் எண்ணம். எல்லா ஷெல்பையும் இறக்கினேன். இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்கு முன்னால் பழைய அச்சுகளைச் சாக்கில் கட்டிக் குப்பைக்குப் போடுவது எங்கள் வழக்கம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பூஜைக்கு அவருடையதைப் போட்டது நான்தான். ஆளே வீட்டில் முழுப் பல்லோடு உட்கார்ந்து வறுகடலை தின்றுகொண்டிருக்கும்போது பிளாஸ்டர் எதற்கு?

மீதி இருந்தது காகிதக் கவரில் இருந்த அந்த ஒற்றைப் பல். மேல் பள்ளம் அந்தப் பல்லால் விழுந்ததுதானே, அதையாவது கொண்டுவருவோம் என்று தண்டை மெழுகுவத்தியில் லேசாக இளக்கி, பல்லை வைத்து அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. நகத்தால் கீறிய மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கான கடியைப் பார்த்தவளுக்கு இது கடி இல்லை என்று தெரியாதா? இதை வைத்து ஊரை ஏமாற்றலாம், என் விரலை ஏமாற்ற முடியாது. மறுபடி சூடு காட்டினேன். அதுவும் போயிற்று. அந்த ரப்பருக்கு எல்லாக் கடியும் ஒன்றுதான்.

படையலுக்கு முந்தின நாள் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அத்தை பின்கட்டில் உட்கார்ந்து வடைக்கு ஊறவைத்த பருப்பைக் களைந்துகொண்டிருந்தார்கள். யாராவது வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று பையிலிருந்து பைப்பை எடுத்தேன்.

"அத்தே, இதுல அவரு பல்லு பட்ட எடம் ரெண்டு இருந்துச்சி. நான் மறந்துபோயி சுடுதண்ணில போட்டுட்டேன். அழிஞ்சிபோச்சி."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்கள். தண்டைத் திருப்பித் திருப்பித் தடவினார்கள். திட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அவன் கடேசியா வந்தப்ப இங்க ஒரு லுங்கிய உட்டுட்டுப் போனான்" என்றார்கள். "கொடில கெடந்துச்சி. சாவு உழுந்த வூடு, துணியெல்லாம் தொவைக்கணும்னாங்கோ. நானும் எல்லாத்தோட சேத்து அதையும் எட்தும்போயி தொவைச்சிட்டேன். ஒணந்தப்பறம் எட்து மோந்து பாக்கறேன், சோப்பு வாசனதான் வருது. ஒரு வருசமா மோந்து பாத்துக்கினுதான் கீறேன்."

பருப்புச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் களைய ஆரம்பித்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். இருவரும் அழுததற்கு வெங்காயம் நல்ல சாக்காக இருந்தது.

மறுநாள் இலை போட்டாயிற்று. மீன் குழம்பு, வடை, அவருக்குப் பிடித்த வறுகடலை, ஓரத்தில் பைப். டப்பாவில் மீந்திருந்த அவருடைய புகையிலையை நானே நிரப்பி வைத்தேன். பற்ற வைக்கும் உரிமை அவருடைய தம்பிக்கு, என் கொழுந்தனாருக்கு. நல்ல மனுஷர், பீடி குடிக்கிறவர். பீடியை இழுப்பதுபோல் வேகமாக ஓர் இழுப்பு இழுத்தார், அணைந்துவிட்டது. இன்னொரு குச்சி கிழித்தார். மூன்றாவதும் அணைந்தது. "இன்னா அண்ணி இது, செத்தும் அண்ணன் என்ன வேல வாங்குறாரு" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். படையலில் நெருப்பு நிற்கவில்லை என்றால் செத்தவர் ஏற்கவில்லை என்று அங்கே அர்த்தம். பள்ளத்தை அழித்ததற்கு அவர் கோபம் என்றே நினைத்தேன். இதையெல்லாம் நம்பாதவள் நான்.

"அவகிட்ட குடுடா" என்றார்கள் அத்தை. "அவளுக்குத் தெரியும்."

"அண்ணி எப்பிடிம்மா..."

"இத்தினி வருசம் அதத் தொடச்சித் தொடச்சிக் குடுத்தது யாரு? குடு."

அதே வார்த்தை. சாவு வீட்டில் சொன்ன அதே வார்த்தையை அத்தை இப்போது வேறு குரலில் சொன்னார்கள். கொழுந்தனார் பைப்பை என்னிடம் நீட்டினார்.

பைப்பை ஒரே தடவையில் பற்ற வைக்க முடியாது என்று அவர் மாடியில் செய்வதைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தெரியும். முதல் நெருப்புக்குப் புகையிலை பொங்கி மேலே வரும். அதை விரலால் மெல்ல அமுக்க வேண்டும். இரண்டாவது நெருப்புதான் நிற்கும். அதற்கு மேல் அவசரப்படாமல், மூச்சு விடுகிற மாதிரி இழுக்க வேண்டும். நான் வாயில் வைத்தேன். குச்சியைக் கிழித்தேன், அமுக்கினேன், மறுபடி கிழித்தேன். பிடித்துக்கொண்டது. தண்டை வெந்நீரில் போட்டேனே தவிர, கிண்ணத்தில் உப்புப் போடவில்லை. அந்த வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். உள்ளே ஆறேழு வருஷத்துச் சாயங்காலங்கள் அப்படியே இருந்தன. முதல் புகை நாக்கில் பட்டதும் மொட்டை மாடி வந்தது, குளித்த ஈரத்தோடு அவர் தோள் வந்தது, சிரிக்கும்போது தெரிகிற நான் செய்த பல் வந்தது. புரையேறி இருமினேன். இருமும்போது பைப் விழுந்துவிடக் கூடாது என்று இறுக்கிக் கடித்துக்கொண்டேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன மாரியே எடது பக்கம் வெச்சிக்கினியே" என்றார்கள்.

எனக்குத் தெரியவே இல்லை. நான் எதையும் வலது பக்கம் மெல்லுகிறவள். பைப்பை எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். நெருப்பு நின்று எரிந்தது. கும்பிட்டுவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

இப்போது மறுபடியும் வேலை செய்கிறேன். சித்தூருக்குத் தனியாக பஸ்ஸில் போய் வருகிறேன். கடைக்காரர் எதுவும் கேட்காமல் எடுத்து வைத்ததைக் கொடுக்கிறார். வாங்கி வந்த தண்டுகளை வெந்நீரில் போடுவதை நிறுத்திவிட்டேன், ஸ்பிரிட்டால் துடைப்பதோடு சரி. கடித்தவர்கள் கடித்தபடி இருக்கட்டும். வேலை செய்கிற நேரம் முழுக்க அவருடைய காலிப் பைப் என் வாயில், இடது பக்கம் இருக்கும். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும்.

போன வாரம் தண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீழ்ப் பக்கம் ஒரு மெல்லிய கோடு. மேலே இன்னும் ஒன்றுமில்லை. விரல் வைத்தால் தெரியாது, தொழில் தெரிந்த கண்ணுக்கு மட்டும் தெரியும். அவருக்கு அது விழ ஆறு வருஷம் பிடித்தது. எனக்கு அவசரமில்லை.